ஜெர்மன்காரர் தோற்கும் வரை

நவம்பர் 7, வெள்ளி

காலையிலிருந்து தூறல். துணி காயவில்லை. மாமியாருக்கு பிபி மாத்திரை வாங்க வேண்டும். பத்தாம் வகுப்பு விடைத்தாள் பாதி பாக்கி.

இரவு ஏழரைக்குக் கால்பந்து மேட்ச், வளைகுடாவில் இவர் வேலை பார்க்கும் கிளப். போனைச் சர்க்கரை டப்பாமேல் சாய்த்து வைத்துப் பார்த்தேன். ஆட்டம் எனக்குப் புரியாது. கேமரா கோச்சைக் காட்டும்போது மட்டும் பார்ப்பேன். அவருக்குப் பின்னால், தண்ணீர்க் குழாய்க்குப் பக்கத்தில், சில சமயம் இவர் நிற்பார்.

இன்று தெரியவில்லை. வேறு யாரோ நின்றார்கள்.

தோல்வி. தொடர்ந்து நாலாவது. எனக்குள் சந்தோஷம், எழுதவே கூசுகிறது.

நவம்பர் 8, சனி

மழை விட்டது. பள்ளிக்கூடம் உண்டு. சத்திரம் பஸ் ஸ்டாண்டில் கூட்டம், ஸ்ரீரங்கம் வரை நின்றுகொண்டே. காவிரியில் செம்மண் தண்ணீர்.

இடைவேளையில் வைதேகி டீச்சரிடம் சொல்லிவிட்டேன். லீவு தராத கோச்சை வேலையை விட்டு அனுப்பினால்தான் இவர் ஊருக்கு வருவார், அதனால் அந்த அணி தோற்க வேண்டும் என்று துஆ கேட்கிறேன் என்று.

“நன்னா இருக்கே! ஒருத்தர் தோக்கணும்னு பிரார்த்தனையா? பெருமாள்கிட்ட நான் அதைக் கேக்க மாட்டேன். உங்க வீட்டுக்காரர் வரணும்னு வேணா கேக்கறேன்.”

“ரெண்டும் ஒண்ணுதான் டீச்சர்.”

“ஒண்ணு இல்லடி.”

கல்யாணமாகி வந்தபோது இவர் அறைச் சுவரில் ஒரே படம். ஜெர்மன்காரர். சட்டையெல்லாம் சேறு, வாய் திறந்து யாரையோ கூப்பிடுகிறார். “கோல் போடுறவரா?” என்றேன். “இல்ல நூரு. போடுறவனுக்குப் பந்தைக் கொண்டாந்து குடுக்குறவரு.” இவரும் கல்லூரி அணியில் அதே இடம். நடுக்களம்.

ஜெர்மன்காரர் கதை எனக்கு மனப்பாடம். சின்ன ஊர், சுரங்க வேலை பார்த்த அப்பா, சிறு வயதிலேயே பெரிய அணி, கோப்பைகள், பிறகு முழங்காலில் அடி. ஆட்டத்தை விட்டுக் கோச் ஆனார். ஆடியபோது இருந்த பெயர் கோச்சுக்கு வரவில்லை. முதல் கிளப்பில் தூக்கி வைத்துக் கொண்டாடினார்கள், அடுத்ததில் திட்டினார்கள், அதற்கடுத்ததில் பாதி சீசனில் வெளியே. கடைசியில் வளைகுடாவில் இந்த அணிக்குக் கோச். அதே அணியின் மைதானத்தில் புல் பார்க்கும் வேலையில் இவர்.

அவர் வந்த முதல் நாள் போனில் இவர் குரல்! கல்யாணத்தன்றுகூட அப்படிக் கேட்டதில்லை.

போன ஆடியிலேயே வந்திருக்க வேண்டும். “கோச் விட மாட்டேங்கிறாரு நூரு.” அப்புறம் தீபாவளி லீவுக்கு. அப்போதும் அதே பதில்.

நவம்பர் 11, செவ்வாய்

கேஸ் தீர்ந்தது. மாமிக்கு இருமல்.

சாயங்காலம் இவர் போன். “கோச்சை அனுப்பிட்டாங்க.”

அழுகிறார் என்று புரியக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

காலையில் ஜெர்மன்காரர் தனியாக மைதானத்துக்கு வந்தாராம். ஷூவைக் கழற்றிவிட்டு ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரை நடந்தாராம். குனிந்து புல்லைத் தொட்டுப் பார்த்து, இவர் பக்கம் திரும்பிக் கட்டை விரலை உயர்த்திக் காட்டினாராம். தன் ஊருக்குப் போய்ப் பையன்களுக்குச் சொல்லிக் கொடுக்கப் போகிறாராம்.

“இனிமேலாவது லீவு குடுப்பாங்கள்ல?” என்றேன்.

“லீவு ஆடியிலயே குடுத்துட்டாங்க நூரு.”

“அப்புறம்?”

“அவரு ஒரு தடவைகூட என்னை இருன்னு சொல்லல. நான்தான் இருந்தேன். காலையில வந்து புல்லைப் பாத்துத் தலையாட்டுவாரு. அதுக்காக.”

போனை வைத்துவிட்டேன். யாரோ ஒரு வெள்ளைக்காரரை இத்தனை மாதம் மனசுக்குள் திட்டியிருக்கிறேன்.

நவம்பர் 12, புதன்

இவர் அழைப்பு, மூன்று முறை. எடுக்கவில்லை. மாமி எடுத்தார்.

“பேசு தாயி. புள்ள குரலே சரியில்ல.”

“நீங்களே பேசுங்க மாமி.”

விடைத்தாள் முடித்தேன். ஒரு பெண் ‘ஏங்குதல்’ என்பதற்குப் பொருள் ‘ஏமாறுதல்’ என்று எழுதியிருந்தாள். தவறு போட்டேன்.

நவம்பர் 14, வெள்ளி

ஜும்ஆ தொழுகைக்குப் பிறகு மாமி சொன்னார், திங்கட்கிழமை வருகிறாராம். என்னிடம் சொல்லப் பயந்து தன் அம்மாவிடம் சொல்லியிருக்கிறார்.

தலையணை உறை மாற்றினேன். கோபம் அப்படியேதான் இருக்கிறது. இரண்டு பிளவுஸ் தைக்கக் கொடுத்தேன். ஏன் என்று தெரியவில்லை.

நவம்பர் 17, திங்கள்

வெயில். அரை நாள் லீவு. விமான நிலையத்தில் முதலில் அடையாளம் தெரியவில்லை. கறுத்து, மெலிந்து, முன்தலையில் முடி போய். போனில் வெளிச்சம் ஏமாற்றியிருக்கிறது.

“கோவமா?”

“ஆமா.”

“சரி,” என்றார். ஆட்டோவில் பாலக்கரை வரை கையை விடவில்லை. நானும் உருவிக்கொள்ளவில்லை.

நவம்பர் 19, புதன்

மாமி மகனுக்கு ஊட்டிவிடாத குறை. வீடு முழுக்க இவர் சத்தம் கேட்கும் என்று நினைத்திருந்தேன். சாயங்காலம் ஐந்தரை ஆனால் மாடியில் நிற்கிறார். இன்று நானும் ஏறிப் போனேன்.

“இந்நேரம் தண்ணி விட்டிருப்பாங்க,” என்றார். “புது கோச்சு புல்லை உயரமா வளக்கச் சொல்றாராம்.”

இங்கே நின்றுகொண்டு அங்கே பார்க்கிறார். நான் இத்தனை நாள் செய்தது அதுதான். திட்ட வாய் வரவில்லை.

“உங்க ஜெர்மன்காரர்?”

“அவரு ஊருல மழையாம். பையன்களோட நனைஞ்சுக்கிட்டு நிக்கிற படம் அனுப்பியிருந்தாரு. சிரிக்கிறாரு நூரு. அங்க இருந்தப்ப சிரிச்சதே இல்ல.”

படத்தைக் காட்டினார். வயதான மனிதர். சாதாரண மனிதர்.

இறங்கும்போது, “நாளைக்கு உன்கூட ஸ்ரீரங்கம் வரைக்கும் பஸ்ல வரவா? சும்மாதான்,” என்றார்.

வரட்டும்.