சாய்ந்து நிற்கும் வறுசட்டி

பெருமதிப்புக்கும் பேரன்புக்கும் உரிய மாமா,

இன்று உங்கள் நினைவு நாள். உங்கள் படத்தின் முன்னால் உங்கள் மகள் ஒரு தட்டுப் பொரி வைத்திருக்கிறாள். நேற்று அவள் தம்பி செல்வம் வறுத்துக் கொடுத்தது. அதில் பாதி கருகியிருக்கிறது. பொரியைக் கருக விடுபவன் அல்லன் உங்கள் மகன். எனவே காரணத்தை நான் உங்களுக்குச் சொல்லியாக வேண்டும்.

வறுசட்டி இப்போது சமமாக இருப்பதில்லை. நேற்று அருகில் நின்று பார்த்தேன். எவ்வளவு கிளறினாலும் சூடான மணல் பள்ளத்துப் பக்கமே ஒதுங்குகிறது. மணல் விலகிய இடத்தில் விழும் நெல் கருகுகிறது. சட்டியின் அடியில் செல்வம் தட்டைக் கல் ஒன்றைச் சொருகி வைத்திருந்தான்.

"அடுப்புக்கு வயசாயிருச்சுங்க மச்சான். ஒங்களுக்கும் நடை சாயுது, ஒங்களுக்கும் ஒரு கல்லு வைக்கவா?" என்று சிரித்தான்.

"போன மாசம் வச்ச கல்லு எங்க?"

"அது இதுக்கு அடியில இருக்கு."

நான் சிரிக்கவில்லை. அடுப்பு நிற்கும் தரையே சாய்கிறது, மாமா. கொட்டகையின் கதவும் சட்டத்தில் பொருந்துவதில்லை. பின்னால் உள்ள மண்மேட்டில், தேயிலைச் செடிகளுக்கு நடுவே, நீளமாக ஒரு வெடிப்பு. மழை பிடித்தால் கீழே பாடசாலைக்குப் போய்விட வேண்டும் என்று அதிகாரிகள் வந்து பார்த்துச் சொல்லிச் சென்றார்கள்.

அந்த இடத்தை நீங்களா தேர்ந்தெடுத்தீர்கள்? தோட்டத்து ஆட்கள் வரிசையாகக் குடியிருக்கும் லயத்தை ஒட்டி அடுப்புப் போட்டால் புகை என்றார்களாம். எந்த லயத்தில் புகை இல்லை? பூசைக்கும் உங்கள் பொரி வேண்டும், பாடைக்கு முன்னால் இறைக்கவும் உங்கள் பொரி வேண்டும். பொரிக்கார வீடு மட்டும் மேட்டுக்கு அடியில் தனியாக இருக்க வேண்டும். உங்கள் கையால் பொரி வாங்கித் தின்ற எவரும் உங்கள் வீட்டில் சோறு உண்டதில்லை. நான் உண்டேன், பிறகு உங்கள் மகளை மணந்தேன்.

போன மழையில் தோட்டம் முழுவதும் என் பாடசாலைக்குத்தான் வந்தது. பாடசாலையை நடத்தும் அதிபர் என்ற முறையில் நான் விதியைச் சொன்னேன்: ஒரே சமையல், எல்லோரும் முறை வைத்துச் செய்வது. தலையாட்டினார்கள். பாதை அடைபட்டிருந்ததால், அரிசி வந்து சேரும் வரை செல்வம் சுமந்து வந்த பொரியைத்தான் பிள்ளைகள் தின்றார்கள். அரிசி வந்ததும் அவன் மனைவி அமுதா அதைக் களைய உட்கார்ந்தாள்.

"நீ பொரி குடுத்ததே போதும் தாயி. சோத்துப் பக்கம் நாங்க பாத்துக்கிறோம்," என்றார் ஓர் அம்மாள். அந்தக் குரலில் கோபம்கூட இல்லை. அமுதா ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு எழுந்தாள். மழை விடும் முன்பே இருவரும் மேலே ஏறிப் போய்விட்டார்கள்.

நேற்று செல்வத்தைப் பாடசாலைக்கு வரும்படி மீண்டும் அழைத்தேன்.

"மண்ணு சரிஞ்சா ஒரேயடியாப் போயிருவோம் மச்சான். அங்க வந்தா தெனமும்ல சாகணும்," என்றான்.

பொரியை வாங்கிக்கொண்டு நான் தனியாகவே இறங்கி வந்தேன்.

இன்று இங்கே மழை இல்லை. ஆனால் உங்கள் மேட்டிலிருந்து இறங்கும் ஓடை காலையிலிருந்து செம்மண்ணாக ஓடுகிறது. செல்வத்தின் தொலைபேசி அடித்துக்கொண்டே இருக்கிறது, எடுப்பார் இல்லை. வறுக்கும் சத்தத்தில் அவனுக்குக் கேட்காது என்கிறாள் உங்கள் மகள். நேற்றுதானே வறுத்தான், இன்றும் வறுப்பானா என்று நான் அவளிடம் கேட்கவில்லை.

ஆட்டோ வந்துவிட்டது. உங்கள் மகள் பாடசாலைச் சமையலறையில் அரிசியை அளந்து வைத்திருக்கிறாள், களையவில்லை. அமுதா வந்து களையட்டும் என்கிறாள்.

அவர்களை அழைத்து வருவேன், மாமா. அமுதா வடிக்கும் சோற்றை எல்லோரும் பார்க்க முதலில் நான் உண்பேன்; அதை மறுப்பவருக்கு என் பாடசாலையில் வேறு உலை இல்லை. வறுசட்டியையும் நானே சுமந்து வந்து, சமமான தரையில் இறக்கி வைப்பேன்.

உங்கள் வீட்டுச் சோற்றை உண்ட,
மூத்த மருமகன்