மிச்சமிருந்த சைக்கிள்

17 ஓகஸ்ட், ஞாயிறு இரவு

கடைச் சிநேகிதர்களோடு அன்சி ஏரியைச் சுற்றி நான்கு நாள் சைக்கிள் ஓடிவிட்டு இன்று திரும்பினேன். பின்னேரம் மனைவி சுமதிக்குப் படங்களைக் காட்டினேன். தண்டவாளம் கழற்றிய பழைய ரயில் பாதை, இருட்டுச் சுரங்கம், பச்சைத் தண்ணீர், கரையில் குந்தியிருந்து பாணோடு நாங்கள் சாப்பிட்ட இடிச்ச சம்பல். சம்பல் அவள் இடித்துப் போத்தலில் அடைத்துத் தந்தது.

ஏரிக்கரைப் படத்தில் விரலை நிறுத்தினாள்.

"இதிலை எதிர்க்காத்தோ?"

"ஓம், மிதிக்கேலாது. உமக்கு எப்பிடித் தெரியும்?"

"ஊரிலை பண்ணைப் பாலத்திலையும் உப்பிடித்தான். மண்டைதீவிலையிருந்து பள்ளிக்கூடத்துக்கு நான் சைக்கிளிலைதானே போனனான்."

"நீர் சொல்லவேயில்லையே."

"நீங்கள் கேக்கேல்லை."

கோபம் இல்லை. போனைத் தந்துவிட்டுச் சம்பல் போத்தலைக் கழுவப் போனாள்.

போன கிழமை எங்களில் ஒருவர் வரமாட்டேன் என்றதும், வாடகைக்குச் சொல்லிவைத்த சைக்கிள் ஒன்று மிச்சமென்று எங்கள் தமிழ்க் கடைத்தெருவான லா சப்பலில் கடை கடையாக ஆள் தேடினேன். முகம் மட்டும் தெரிந்த போன்கடைக்காரரைக்கூடக் கேட்டேன்.

சுமதி தூங்கிவிட்டாள். அவள் ஊரில் ஓடிய சைக்கிள் என்ன நிறம் என்று இன்றைக்கும் நான் கேட்கவில்லை.