கை மண்ணைத் தட்டிய பிறகு

அண்ணா,

இன்று சித்தப்பா நம் வீட்டில் சாப்பிட்டார். அடிமுறைச் சண்டை பழகுகிறவர்கள் உடம்பில் தேய்க்கும் அந்தக் கறுப்பு எண்ணெய் அவர் கையில் நாறியது. அந்தக் கையாலேயே மீன்குழம்பைப் பிசைந்து, விரல்களை ஒவ்வொன்றாக நக்கினார். நான் புறவாசலுக்கு ஓடி வாந்தி எடுத்தேன். இப்போது எல்லோரும் தூங்கிவிட்டார்கள். சிம்னி விளக்கைத் தாழ்த்தி வைத்து எழுதுகிறேன்.

அதே எண்ணெய் உன் மேலும் மணக்கும். அப்போதெல்லாம் எனக்குக் குமட்டியதில்லை. தோப்பில் நீ அடி பழகும்போது எதிராளியாக நான்தான் நிற்பேன். "ஏட்டி, நெல்லு குத்த வந்தவ மாதிரி நிக்காத, முட்டுக்கால மடக்கு" என்பாய். சண்டை வேறு, களத்து விளையாட்டு வேறு. விளையாட்டில் உயிருக்கு ஆபத்தான வர்ம இடங்களைத் தொடக்கூடாது, தோற்றேன் என்று ஒருவன் மண்ணைத் தட்டிவிட்டால் மற்றவன் விலகிவிட வேண்டும் என்பாய்.

"பொறவும் அடிச்சா?"

"அவன் மாடு மக்கா. மாட்டுக்கு எதுக்கு அடிமுறை?"

கொடைத் திருவிழாவன்று கோவில் மணலில் சித்தப்பாவை நீ மூன்று தடவை விழத்தட்டினாய். "பயலு சித்தப்பனுக்கு மண்ணு ஊட்டுகான்" என்று யாரோ சொல்ல, கூட்டம் சிரித்தது. அடுத்த பிடியில் அவர் உன் கையைப் பூட்டினார். நீ மற்றக் கையால் மண்ணைத் தட்டினாய், இரண்டு தடவை. நான் இருந்த பக்கத்துக்கு மட்டும்தான் அது தெரிந்தது. அதன் பிறகே அவர் உன் நெஞ்சுக்குழியில் இடித்தார். கைதட்டினார்கள். தோவாளைப் பிச்சிமாலையை அவர் கழுத்தில் போட்டார்கள். நீ எழுந்திருக்கவே இல்லை.

உன்னை வீட்டுக்குத் தூக்கி வந்தார்கள். நான் ஓடிப்போய் டாக்டரைக் கூட்டி வந்தேன். அப்பா வாசலிலேயே மறித்தார். "வர்ம அடிக்கு ஊசி ஆவாது, உயிரு போயிரும்." டாக்டர் கெஞ்சிப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார். ஊசி போடாமலேயே மூன்றாம் நாள் நீ போய்விட்டாய்.

டாக்டர் போலீசுக்கு எழுதிப் போட்டதால் நாளைக்கு ஏட்டையா விசாரிக்க வருகிறார். விளையாட்டில் பட்ட அடி, யார் மேலும் குற்றமில்லை என்று ஊரே சொல்கிறது. அப்பா என் தோளை அழுத்திப் பிடித்து, "நீ ஒண்ணும் காணல்ல, கேட்டியா?" என்றார். நான் தலையாட்டினேன். சித்தப்பா கை கழுவ நானே தண்ணீர் மொண்டு ஊற்றினேன். என் கையைப் பார்க்கவே எனக்கு அருவருப்பாக இருக்கிறது.

பயமாக இருக்கிறது அண்ணா. அப்பா பக்கத்தில் நிற்கும்போது எனக்கு வாய் எழும்பாது. அதனால் இந்தத் தாளை இடுப்பில் செருகி வைத்துக்கொண்டு, ஏட்டையா கையில் கொடுத்துவிடுவேன். அடியில் என் பெயரை முழுதாக எழுதியிருக்கிறேன்.