மூன்று மாத மன்னனின் காசு

அன்புள்ள நெட்டையனுக்கு,

பதினோரு வருடம் கழித்து எழுதுகிறேன். உன்னை வாழ்த்துவதா, உனக்கு ஆறுதல் சொல்வதா என்றே தெரியவில்லை.

மூன்றே மாதம் ஆண்ட அந்த ரோமானிய மன்னனின் வெள்ளிக்காசு உனக்கு நினைவிருக்கும். உலகத்திலேயே ஒன்றுதான் என்றார்கள். அது என்னிடம் இருந்தது. பிறகு ஒருநாள் நீ இன்னொன்றோடு நம் நாணயச் சங்கக் கூட்டத்துக்கு வந்தாய். அதை லென்ஸில் பார்த்துவிட்டு எல்லோர் முன்னாலும் நான், "இது போலிடா, எவனோ உன்னை நல்லா ஏமாத்திட்டான்" என்றேன். "நீயா சொல்றே?" என்று மட்டும் கேட்டாய். அப்புறம் நீ சங்கத்துப் பக்கமே வரவில்லை.

போன மாதம் ஒரு வயலில் குழாய் பதிக்கத் தோண்டியபோது, ஒரு பானை நிறைய அதே காசுகள் கிடைத்திருக்கின்றன. அருங்காட்சியகத்துக்குப் போய்ப் பார்த்தேன். உன் காசில் மன்னனின் மூக்கிலிருந்து காதுவரை ஒரு விரிசல் ஓடுமே, காசு அடித்த அச்சிலேயே விழுந்த அதே விரிசல் பானைக் காசுகள் பலவற்றிலும் இருக்கிறது. ஆக, உன்னுடையது அசல்தான். ஆனால் அது அசல் என்று தெரிந்த அன்றே அபூர்வம் இல்லாமலும் போய்விட்டது. என்னுடையதும்தான்.

வீட்டுக்கு வந்து என் காசை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். அதே முகம், அதே வெள்ளி. இத்தனை வருடம் இதில் எதைப் பார்த்து மயங்கினேன் என்று பிடிபடவில்லை. "சாப்பிட வாங்க, அது எங்கயும் ஓடிப்போகாது" என்றாள் மனைவி.

விரிசலைப் பற்றி மட்டும் எழுதத்தான் பேனாவை எடுத்தேன். அன்று லென்ஸில் பார்த்தபோதே உன் காசு அசல் என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

இப்படிக்கு,
உன் பழைய கூட்டாளி