கார்லிஸுக்கு நான் என்ன உறவு

லாரல் ஓடை, கிழக்குக் கென்டக்கி
1991 அக்டோபர், வியாழக்கிழமை

மதிப்புக்குரிய இமோஜீன் அவர்களுக்கு,

உங்கள் தம்பி கார்லிஸோடு இருக்கும் வெல்டா எழுதுகிறேன். உறையில் என் பெயரைப் பார்த்ததும் கிழித்துப் போடாமல் இவ்வளவு தூரம் வந்துவிட்டீர்கள் என்றால், தயவுசெய்து கடைசிவரை படித்துவிடுங்கள். நீங்களும் பிள்ளைகளும் அங்கே மிச்சிகனில் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

கார்லிஸ் உயிரோடு இருக்கிறார். அதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஞாயிற்றுக்கிழமை மூச்சு அடைத்துவிட்டது. இங்கே நம் ஊர் ஆஸ்பத்திரியில் முடியாது என்று லெக்ஸிங்டனுக்குக் கொண்டுபோனார்கள். தீவிர சிகிச்சை வார்டில் தொண்டையில் குழாய் போட்டு, மெஷின் வைத்து மூச்சு விடவைக்கிறார்கள். ஆஸ்பத்திரிக்காரர்கள் உங்கள் பழைய எண்ணுக்கு போன் செய்து பார்த்தார்களாம், அந்த எண் இப்போது இல்லை என்றார்கள். நீங்கள் முன்பு அனுப்பிய கிறிஸ்துமஸ் வாழ்த்தின் உறையைத் தேடி எடுத்து இந்த விலாசத்தை எழுதினேன். அவசரத் தபாலில் போடுகிறேன்.

நீங்கள் எங்களைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள் என்று எனக்குத் தெரியும். கல்யாணம் செய்யாமல் ஒரே கூரைக்குக் கீழே இருப்பது பாவம் என்று கார்லிஸுக்கு எழுதியிருந்தீர்கள். அவர் அதற்குப் பதில் எழுதவில்லை. இரண்டு முறை படித்துவிட்டு மடித்து சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு கோழிகளுக்குத் தீனி போடப் போய்விட்டார். அன்றைக்கு அவர் சொல்லாததை நான் இப்போது சொல்கிறேன்.

நாங்கள் கல்யாணம் செய்துகொள்ளக் கிளம்பினோம். எனக்கு நீலக் கவுன்கூட வாங்கியாகிவிட்டது. சர்க்கரை வியாதியால் என் கால்விரல்கள் போன பிறகு எனக்கு மத்திய அரசின் உதவித்தொகையும் அதோடு சேர்ந்த மருத்துவ அட்டையும் வந்துகொண்டிருந்தன. கல்யாணத்தைப் பதியக் கோர்ட்டுக்குப் போகிற வழியில் உதவித்தொகை அலுவலகத்தில் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போகலாம் என்று நல்ல பிள்ளையாக உள்ளே நுழைந்தேன். அங்கிருந்த அம்மாள் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, கல்யாணம் ஆனால் நிலக்கரிச் சுரங்கத்தில் நுரையீரல் கெட்டதற்காகக் கார்லிஸுக்கு வருகிற சுரங்க நோய்ப் பணத்தை என் வருமானமாக எழுதிவிடுவார்கள், என் உதவி நின்றுவிடும், அட்டையும் கூடவே போய்விடும் என்று மெதுவாகச் சொன்னாள். கார்லிஸின் பணத்தில் வீட்டுச் சாப்பாடு நடக்கும், என் இன்சுலினும் இதய மாத்திரையும் நடக்காது. அந்தக் கவுனைப் பிற்பாடு ஒரு சாவு வீட்டுக்குத்தான் போட்டுக்கொண்டு போனேன்.

அதற்குப் பிறகு, அந்த அலுவலகத்துக்குக் காட்டுவதற்காக, கார்லிஸ் எனக்குக் குடித்தனக்காரர் ஆனார். வாசலில் இரண்டு தபால் பெட்டி. பின்னறையில் அவருக்கென்று ஒரு கட்டில், அதில் ஒருநாளும் யாரும் படுத்ததில்லை. ஃபிரிட்ஜில் அவர் அடுக்கு தனி, என் அடுக்கு தனி. நம் சபையில் ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம் உட்காருவதால் அங்கே மட்டும் நடிக்க வேண்டிய தொல்லை இல்லை. சாப்பாட்டு மேசையில் அவர் தட்டை நீட்டி, “ஹவுஸ் ஓனரம்மா, குடித்தனக்காரனுக்கு இன்னொரு சோள ரொட்டி உண்டா?” என்று கேட்பார். வாடகை பாக்கி இருக்கிறது, கிடையாது என்பேன். சிரித்துக்கொண்டேதான் இருந்தோம். சிரிக்காவிட்டால் இந்த அசிங்கத்தை இத்தனை வருஷம் தாங்கியிருக்க முடியாது.

இந்த வசந்த காலத்தில்தான் வினை வந்தது. அரசாங்க முத்திரை போட்ட வெள்ளைக் கார் ஒன்று ஓடையோரமாக வந்து நின்றது. நம் பக்கத்தில் அந்த மாதிரிக் கார் எதற்கு வரும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. நுரையீரலில் கரி ஏறிய எவனுடைய மனுவையாவது விசாரிக்கத்தான் வரும். அக்கம்பக்கத்தில் எல்லாரும் போய், அவன் எப்படி மூச்சு வாங்குகிறான், மனைவி எப்படித் தாங்கிப் பிடிக்கிறாள் என்று சாட்சி சொல்வார்கள். உங்கள் அப்பா இறந்தபோது உங்கள் அம்மாவுக்காக எங்கள் அப்பா போய்ச் சொன்னார். இங்கே அது சாவு வீட்டுக்குச் சாப்பாடு கொண்டுபோவது மாதிரி ஒரு கடமை.

எதிர்வீட்டு ஹோபர்ட்டும் அப்படித்தான் நினைத்தார். கார்லிஸுக்குப் பிறகு எனக்கு விதவைப் பணம் வருவதற்காக விசாரிக்கிறார்கள், நாமாகப் போய் நல்லபடியாகச் சொல்லி வைப்போம் என்று காருக்கே நடந்து போயிருக்கிறார். காரில் வந்த பையன் கேட்பதற்கு முன்பே, “புருஷன் பொண்டாட்டின்னா இவங்கதான் தம்பி. அந்தாளுக்கு மூச்சு முட்டினா விடிய விடிய முதுகைத் தாங்கிக்கிட்டு உக்காந்திருப்பா. எந்தக் கோர்ட்டுல வேணா வந்து சொல்றேன், எழுதிக்கோ” என்று சொல்லியிருக்கிறார். எழுதிக்கொண்டான். அதோடு விடாமல் ஹோபர்ட் அவனை நாலு வீட்டுக்கு அழைத்துப் போய், எல்லாரையும் அதையே சொல்லவைத்திருக்கிறார். சபை மூப்பர்கூட, கடவுள் பார்வையில் இவர்கள் தம்பதிதான் என்று சொன்னாராம். எங்கள் முகத்துக்கு நேரே அவர் ஒருநாளும் அப்படிச் சொன்னதில்லை.

வந்தவன் சுரங்க நோய் அலுவலகத்து ஆள் இல்லை. உதவித்தொகை அலுவலகத்து ஆள்.

எங்கள் இருவரையும் அலுவலகத்துக்கு வரச் சொன்னார்கள். ஊரார் புருஷன் மனைவி என்று நம்பும்படி வாழ்ந்தால், தாலுகா கோர்ட்டில் பதியாவிட்டாலும் அவர்கள் கணக்கில் நாங்கள் தம்பதிதானாம். அப்படியானால் இவருக்குப் பிறகு எனக்கு விதவைப் பணம் உண்டா என்று கேட்டேன். அதற்கு இந்த மாநிலச் சட்டப்படி பதிந்த கல்யாணம் வேண்டும், அது வேறு விஷயம் என்றார்கள். எடுப்பதற்கு நான் மனைவி, கொடுப்பதற்கு யாரோ. எனக்கு வந்த ஆத்திரத்தில் மேசையைப் புரட்டியிருப்பேன். கார்லிஸ் ஆக்சிஜன் உருளையோடு பக்கத்தில் உட்கார்ந்திருந்ததால் அடக்கிக்கொண்டேன்.

அந்தப் பையன் கெட்டவன் இல்லை. கேள்விகளைத் தலை நிமிராமல்தான் கேட்டான். ஒரே கட்டிலா என்று கேட்கும்போது அவன் காதெல்லாம் சிவந்துவிட்டது. கார்லிஸ் மூச்சைச் சேர்த்துக்கொண்டு, “எனக்கு உக்காந்தாத்தான் மூச்சு வரும், தம்பி. நாற்காலியிலதான் தூங்குறேன். அந்த நாற்காலிக்கும் எனக்கும் என்ன உறவுன்னு எழுதிக்கோ” என்றார். பையன் அதை எழுதவில்லை.

கடைசியில் ஒரு தாளைத் தள்ளினான். இவர் என் வீட்டில் வாடகைக்கு இருப்பவர், வேறு எந்த உறவும் இல்லை என்று நான் கையெழுத்துப் போட்டேன். கீழே அவர் போட்டார். இந்த முறை விட்டுவிடுகிறோம், இதற்கு மாறாக இனி எங்கேயாவது எழுத்தில் வந்தால் உதவியும் அட்டையும் அன்றோடு சரி என்று சொல்லி அனுப்பினார்கள். ஹோபர்ட்டின் டிரக்கில் திரும்பி வரும்போது, “கல்யாணமே பண்ணல, அதுக்குள்ள டைவர்ஸ் ஆயிடுச்சு பாரு” என்றார் கார்லிஸ். ஹோபர்ட் ஓட்டிக்கொண்டே அழுதுவிட்டார். பாவம், அவர் என்ன செய்வார். இன்றுவரை விறகு கொண்டுவந்து போட்டுவிட்டு, என் முகத்தைப் பார்க்காமல் போய்விடுகிறார்.

கோடையில் ஒருநாள் கார்லிஸ் தானாகவே பேச்சை எடுத்தார். எது போனாலும் போகட்டும், இப்போதே பதிந்துவிடுவோம், தனக்குப் பிறகாவது நான் யார் கையையும் எதிர்பார்க்காமல் இருக்கலாம் என்றார். அதுவரைக்கும் இன்சுலினுக்கு என்ன வழி என்று கேட்டேன். அவர் முகத்தைப் பார்க்க முடியாமல், “சாகுற தேதிய எழுதிக் குடுய்யா, அதுக்கு முதல் நாள் கட்டிக்கிறேன்” என்று கேலி செய்தேன். இருவரும் அவருக்கு இருமல் வருகிற வரைக்கும் சிரித்தோம்.

இப்போது லெக்ஸிங்டனுக்கு வருகிறேன். வார்டு வாசலில் ஒரு மேசை. அங்கிருந்த நர்ஸ், நோயாளிக்கு நீங்கள் என்ன வேண்டும் என்று கேட்டாள். அவள் கையில் பேனா, எதிரே தாள். அவர் வைத்தியச் செலவை எல்லாம் அரசாங்கம்தான் கட்டுகிறது, அந்தத் தாள் எந்தெந்த மேசைக்குப் போகும் என்று யாருக்குத் தெரியும். மனைவி என்று வாய்வரைக்கும் வந்தது. ஹவுஸ் ஓனர் என்று சொன்னேன். மன்னிக்க வேண்டும், ரத்த சொந்தமும் மனைவியும்தான் உள்ளே போகலாம் என்றாள். திங்கள் முழுக்க, செவ்வாய் முழுக்க அந்த நடையில் பெஞ்சியில் உட்கார்ந்திருந்தேன். கதவு திறந்து மூடும்போது ஒரு கட்டிலின் கால்மாடு தெரியும், அது அவருடையதா வேறொருவருடையதா என்றுகூட எனக்குத் தெரியாது. அந்தப் பெண்ணே பாவப்பட்டு காபி கொண்டுவந்து கொடுத்தாள். அவருக்கு அவ்வப்போது நினைவு வருகிறதாம், கண்ணைத் திறந்து வாசல் பக்கம் பார்க்கிறாராம். யாரைத் தேடுகிறார், உங்களுக்குத் தெரியுமா என்று என்னிடமே கேட்டாள். தெரியாது என்று சொல்லிவிட்டு வந்தேன், இமோஜீன். நேற்று இன்சுலின் தீர்ந்துபோய்த்தான் வீடு திரும்பினேன்.

டாக்டர்கள் நம்பிக்கை தரவில்லை. மெஷினை எடுப்பதா வைத்திருப்பதா என்று சொந்தக்காரர் ஒருவர் கையெழுத்துப் போட வேண்டுமாம். அது நீங்கள்தான். என்னைக் கேட்க யாருக்கும் உரிமையில்லை, சொல்ல எனக்கும் உரிமையில்லை. ஆனாலும் அவர் சொன்னதை உங்களிடம் சேர்த்துவிடுகிறேன். தன்னோடு சுரங்கத்தில் இருந்தவரை மெஷினில் மாதக்கணக்கில் வைத்திருந்ததைப் பார்த்துவிட்டு வந்து, “என்னைய அப்படிப் போட்டு வெக்காத வெல்டா, போக விட்ரு” என்றார். நீங்கள் அக்கா, உங்கள் மனசுப்படி முடிவு செய்யுங்கள். நான் குறுக்கே நிற்க மாட்டேன். கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் என்னை ஒருமுறை உள்ளே கூட்டிக்கொண்டு போங்கள். இதுதான் நான் கேட்பது.

மேசையில், கூட வந்திருப்பது யார் என்று கேட்பார்கள். என் தங்கை என்று சொல்லுங்கள். பகலில் இருக்கும் அந்த நர்ஸுக்கு என் முகம் தெரியும், இருந்தாலும் நீங்கள் சொன்னால் நம்புவாள், அவளுக்கும் நம்பத்தான் ஆசை. தங்கை என்று எழுதினால் எந்த அலுவலகமும் எதையும் நிறுத்தாது. பொய் சொல்லச் சொல்கிறேன், நீங்கள் சபைக்குப் போகிறவர், எனக்குத் தெரியும். அந்தப் பாவத்தையும் என் தலையில் எழுதிக்கொள்ளச் சொல்லி கடவுளிடம் கேட்டுக்கொள்கிறேன்.

உள்ளே யாராவது பக்கத்தில் நின்றால் நான் அவரை அண்ணா என்றே கூப்பிடுவேன். கையை மட்டும் கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டிருக்க விட்டால் போதும்.

ஹோபர்ட் வீட்டு போன் எண்ணைப் பின்பக்கம் எழுதியிருக்கிறேன். எந்த நேரமானாலும் கூப்பிடுங்கள், அவர் டிரக்கில் கொண்டுவந்து விடுவார். நல்லபடியாக வந்து சேருங்கள், கடவுள் துணையிருப்பார். சீக்கிரம் வாருங்கள், அக்கா.

இப்படிக்கு,
உங்கள் தங்கை
வெல்டா நேப்பியர்
(அங்கே கேட்டால் உங்கள் பிறந்த வீட்டுப் பெயரை, கார்லிஸின் பெயரைத்தான் நான் எழுத வேண்டியிருக்கும். இதுவரை எழுதியதில்லை, இங்கே ஒருமுறை எழுதிப் பார்த்தேன்.)