பின்வரிசையில் விட்ட இடம்

நவ. 3, திங்கள்
மழை. பாதி பனி. 401 நெடுஞ்சாலையில் நெரிசல், மிசிசாகாவில் வேலைக்குத் தாமதம்.
புது வேலை: அமெரிக்காவில் ஒரு சின்னக் கல்லூரியின் ஃபுட்போல் படச்சுருள்கள், ஒரு பெட்டி நிறைய. உலகப் போர் முடிந்து, பையன்கள் திரும்பி வந்து ஆடிய முதல் பருவம். கணினிக்கு மாற்றித் துப்புரவாக்க வேண்டும். பந்தைக் கையில் அணைத்துக்கொண்டு ஓடுகிறார்கள், காலால் தொடுவதே அரிது. பிறகு ஏன் அந்தப் பெயரோ.
வாங்க: பால், அம்மாவின் பிறஷர் மாத்திரை.
அஜக்ஸிலிருந்து அம்மா ஃபோன். ஞாயிறன்று, வன்னிச் சண்டையில் காணாமல் போன என் தம்பியின் படத்துக்கு மாலை போடலாமாம். மாமாவின் நெருக்கல். இத்தனை வருடமும் அதற்கு விடாதவர் அம்மா. "நீ சொல்லு பிள்ளை. நீ சொன்னால் செய்வம்." ஏன் என் தலையில்?

நவ. 4, செவ்வாய்
ஒவ்வொரு போட்டியிலும், முதல் ஆட்டத்தில் மட்டும் (பந்து முதல் தடவை கிளம்பும் அந்தச் சில நொடிகள்), இந்தக் கல்லூரி அணிக்கு ஓர் ஆள் குறைவு. பின்வரிசையில் வெற்றிடம். அதில் ஏதோ மங்கலாக. ஆள் உயரம்.
பக்கத்து மேசைக் கார்த்திக், கோயம்புத்தூர்க்காரன், வந்து பார்த்தான். "தூசிங்க அக்கா. க்ளீன் பண்ணா போயிரும்."
பண்ணினான். மற்ற அழுக்கெல்லாம் போனது. அது போகவில்லை. அதன் பிறகு என் மேசைப் பக்கமே வரவில்லை அவன்.

நவ. 6, வியாழன்
சுருள்களின் சொந்தக்காரி ஃபோனில். நல்ல வயது, குரல் மட்டும் கணீர். அவரது அண்ணன் அந்த அணியில் இருந்தவர், போரில் கடலில் காணாமல் போனாராம். எப்படியும் வருவார் என்று, முதல் ஆட்டத்தில் அவர் இடத்தை விட்டுவைத்தே நின்றார்களாம். கடைசிப் போட்டிக்கு முன் தாயே போய், போதும், வேறு ஆளை நிறுத்துங்கள் என்றாராம்.
மங்கலைப் பற்றி நான் வாய் திறக்கவில்லை. பயமில்லை. பயம்தான்.
அந்தத் தாயால் முடிந்தது, எங்களால் முடியாதா? அம்மாவிடம் சரி என்று சொல்லிவிட்டேன். மனம் லேசாக இருந்தது. மாமா உடனேயே மாலை வாங்கப் போய்விட்டாராம்.

நவ. 7, வெள்ளி
வெயில், ஆனால் கடுங்குளிர். கடைசிச் சுருள்.
பின்வரிசையில் புதுப் பையன். இடம் நிரம்பியிருக்கிறது. மங்கல் இல்லை. அப்பாடா.
பிறகுதான் கண்டேன். ஆடுகள எல்லைக்கோட்டுக்கு வெளியே நிற்கிறது. இப்போது தெளிவாக, முழு உடுப்போடு, தலைக்கவசம் கையில். தன் இடத்தில் நிற்கும் பையனையே பார்த்தபடி. போட்டி முடிந்து எல்லாரும் போன பிறகும் அங்கேயே. எங்கே போவதென்று தெரியவில்லை அவனுக்கு.
அம்மாவுக்கு ஃபோன் அடித்தேன்.
"அம்மா, மாலை வேண்டாம். போடாதேங்கோ."
"அளவு பாக்கவெண்டு மாமா இப்பத்தான் போட்டவர், பிள்ளை." பிறகு குரலைத் தாழ்த்தி: "கதவுக்கு வெளியில ஆரோ ஒரு பொடியன் நிக்கிறான். மணியும் அடிக்கிறானில்லை. பொறு, பாத்திட்டு வாறன்."