முதலில் பறந்தவன்

ஆகஸ்ட் 9, சனி

தாப்பா மலை ரிசார்ட்டில் கம்பியில் தொங்கியபடி எதிர்மலைக்குப் பறக்கும் புது பிளையிங் ஃபாக்ஸ் இன்று திறந்தது. கம்பி எந்த வழியாகப் போகவேண்டும் என்று அட்டைக்கடி பட்டுக் காட்டில் அலைந்து பார்த்தவன் நான். முதலில் பறக்க முதலாளி கூப்பிட்டதோ, நேற்று வேலைக்கு வந்த தினேஷை! சூடம் காட்டி எலுமிச்சம்பழம் நசுக்க மட்டும் நான்.

பறப்பவனின் பெல்ட்டை இன்னொருவர் இழுத்துப் பார்த்த பிறகுதான் அனுப்புவோம்.

"அண்ணே, நல்லா செக் பண்ணிருங்க லா," என்று சிரித்தான் தினேஷ்.

தொடைப் பக்கம் தளர்ந்திருந்தது. ஒரு கணம் சும்மா நின்றேன். பிறகு இறுக்கினேன்.

"வலிக்குதுண்ணே!"

இன்னும் இறுக்கினேன்.

அவன் எதிர்மலை சேரும்வரை, விழக்கூடாது என்று முனீஸ்வரரை வேண்டிக்கொண்டே நின்றேன். விழுந்திருந்தால் அந்தக் கம்பிக்கே அவன் பேரை வைத்துவிடுவார்கள்.